அறுபது மீட்டர்

தூரின் நகரில், டோரா ஆற்றை ஒட்டி
கண்ணாடிக் கூரை போட்ட கொட்டகை.
நள்ளிரவுக் காட்சியை
உச்சி வெயிலில்தான் எடுப்போம்.
இருட்டைப் பிறகு நீலச் சாயத்தில் தோய்த்துக்கொள்வார்கள்.

மூன்றங்க நாடகம். ஊர் ஊராய் ஆறு வருஷம் ஓடியது.
ஓடிப்போன மனைவி திரும்பி வந்து
கதவுக்கு வெளியே நின்று பேசும் இடத்தில்
எர்ஸிலியா வந்தோனிக்கு ஒன்பது நிமிஷம்.
அதற்காகவே டிக்கெட் வாங்கியவர்கள் உண்டு.

எனக்குக் கறுப்பு அட்டையில்
வெள்ளை எழுத்து எழுதும் வேலை.
"பன்னிரண்டு சொல், தெல்ஃபீனா. மேலே போனால்
கூட்டம் கொட்டாவி விடும்" என்றார் பெர்ரூத்தி.
எந்தப் பன்னிரண்டு என்று கேட்டேன்.
அவர் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேகம் விலகியது.
பின்னால் வீடே இல்லாத ஒரு மரக்கதவு,
இரண்டு முட்டுக்கட்டை, ஒரு மணல் மூட்டை.
வாயசைத்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள்.
அவளுக்கு அப்படி வராது.
முதல் வரியிலிருந்து தொடங்கினாள்.
குழந்தையின் காய்ச்சலைச் சொன்னாள்.
ஜெனோவாவில் அடகுபோன வளையலைச் சொன்னாள்.
ஏணிமேல் இருந்த தச்சன்
வாயில் கவ்வியிருந்த ஆணிகளை எடுத்துப் பையில் போட்டான்.
கணவன் வேஷக்காரன் ஒரெஸ்தே,
இந்தக் காட்சியில் அவனுக்கு வேலையே இல்லை,
கையில் பாதி ரொட்டியோடு வந்து
கதவின் அந்தப் பக்கம் நின்றுகொண்டான்.

மூன்றாவது நிமிஷம்
பெட்டியின் சத்தம் மாறியது.
பட், பட் என்று சுருளின் வால் அடித்தது.
எனக்கே கேட்டது.
செலஸ்தீனோவுக்குக் கேட்காமல் இருக்குமா?
கைப்பிடியை அவன் நிறுத்தவில்லை.
அதே வேகம், நொடிக்கு இரண்டு சுற்று,
ஆறு நிமிஷம்
வெறும் பெட்டியைச் சுற்றினான்.

நான் எழுதியது இது:
"கதவைத் திற. உள்ளே வர மாட்டேன்.
குழந்தையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறேன்."
ஒன்பது சொல். நிமிஷத்துக்கு ஒன்று.
மூன்று மிச்சம் பிடித்ததற்கு
பெர்ரூத்தி தோளில் தட்டினார்.

தை மாதக் குளிரில் கூனியோ ஊர்க் கொட்டகை.
நனைந்த கம்பளிக் கோட்டு வாடை,
ஒரு கட்டை ஊமையாய்ப்போன பியானோ.
என் முன்வரிசையில் ஒருவன்
எழுத்தறியாத மனைவிக்கு
அட்டையை உரக்கப் படித்தான்.

"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான் போட்டிருக்கு."
"இவ்வளவு நேரம் வாயசைச்சாளே."
"சினிமாவில் அப்படித்தான்."
"பொய். மிச்சத்தையும் படி."

அவன் விழித்தான்.
அவளோ திரையை விட்டுவிட்டு
அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் குனிந்தேன். கன்னத்தருகே அவள் காது.
காய்ச்சலிலிருந்து தொடங்குவதா,
வளையலிலிருந்தா?
அதற்குள்
கதவு திறந்துவிட்டது.