நின்றால் சூடு

"ஓடும்போது பனி, நின்றால் அடுப்பு" என்றார் ஃபிதென்சியோ.
இன்னும் இறங்கவே இல்லை,
கண்ணாடியை மட்டும் இறக்கியிருந்தார்.
பின்சீட்டில் வாசம் போகவில்லை:
வெண்ணெய், வெனிலா, கொஞ்சம் அவமானம்.

சனிக்கிழமை, பதினைந்து நிறைந்த ஒரு பெண்ணுக்கு
மூன்றடுக்குக் கேக்.
ரயில்வே கேட்டில் சரக்கு ரயில்.
தொண்ணூற்று நாலு பெட்டி. எண்ணியிருக்கிறார் மனிதர்.
அறுபதாவதில் மேலடுக்கு சாய்ந்ததாம்,
எண்பதில் சர்க்கரை ரோஜாக்கள்
ஒவ்வொன்றாக இறங்கி நடந்தனவாம்.

ஏற்கெனவே இரண்டு கடை ஏறி இறங்கியாயிற்று.
இரண்டிலும் ஒரே சொல்: காஸ்.
எங்கள் எர்மோசியோவில் ஜூலை பிறந்தால்
எல்லா நோய்க்கும் அதுதான் மருந்து.
காஸை ஏற்று, காசை வாங்கு, அனுப்பு.
அது பெட்ரோல் மாதிரி தீர்கிற சரக்கில்லை,
ஓட்டை இல்லாத குழாயில் சுற்றிக்கொண்டே இருக்கும் என்றால்
யார் கேட்கிறார்கள்?
என் முதல் கணவரும் அப்படித்தான்,
எதற்கும் இன்னும் கொஞ்சம் ஊற்று.

நான் கேட்டது ஒன்றுதான்:
நெடுஞ்சாலையில் எப்படி?
"கீனோ கடற்கரை வரைக்கும் விரல் விறைக்கும், நொயெமி."
அப்போதே பாதி தெரிந்துவிட்டது.
மீதிப் பாதிக்குத்தான் கூலி.

நீலக் குழாய், சிவப்புக் குழாய், இரண்டு வட்ட முகங்கள்.
எஞ்சின் ஓடுகிறது, கார் நிற்கிறது.
நிழலிலேயே நாற்பத்தைந்து டிகிரி.
சிவப்பு முள் ஏறுகிறது.
முந்நூறு.
முந்நூற்று ஐம்பது.
நானூறைத் தாண்டும்போது
டக்,
கம்ப்ரஸர் கையை விட்டுவிட்டது.
பயந்து இல்லை. விவரம் தெரிந்து.

ஒரு குவளைத் தண்ணீர் எடுத்தேன்,
முன்கம்பிகளுக்குள் கண்டென்ஸர் மேல் அப்படியே வீசினேன்.
புஸ்ஸென்று ஆவி.
முள் சரசரவென்று இறங்கி இருநூற்று இருபதில் நிற்க,
உள்ளேயிருந்து சத்தம்: "குளிருது! குளிருது!"
இன்னொரு குவளை. குளிருது.
சும்மா இருந்தேன்.
சத்தமில்லை.

காஸும் சரி, கம்ப்ரஸரும் சரி.
காருக்குள்ளிருந்த வெக்கையை முன்னால் கொண்டுவந்துவிட்டது பாவம்,
அள்ளிப்போகக் காற்றுதான் இல்லை.
ஓடும்போது சாலை ஊதியது.
நிற்கும்போது ஊத வேண்டியவன் தூங்குகிறான்.

ஃபியூஸ் பார்த்தேன். ரிலேயை மாற்றிப் பார்த்தேன்.
விசிறியின் வாசல் வரை மின்சாரம் வந்து
கதவைத் தட்டிக்கொண்டுதான் இருந்தது.
துடைப்பக் கட்டையால் மோட்டாரின் முதுகில் நானும் ஒரு தட்டு.
அசைந்தது.
இன்னொன்று.
இருமி, மூன்று வருஷத் தூசியைத் துப்பி,
சுழன்றது.

ஃபிதென்சியோ இறங்கி வந்தார்.
"இதுவே போதுமே. அந்தக் கட்டையைக் கொடுத்துவிடு."
போதாது, உள்ளே கார்பன் தேய்ந்து நகக்கண் அளவுதான் மிச்சம்,
அடுத்த ரயிலுக்கு எழுந்திருக்காது என்றேன்.
பணப்பையைப் பார்த்தார்.
கட்டையைப் பார்த்தார்.
பெண்ணின் அப்பா கேக்குக்கு இன்னும் காசு தரவில்லை;
ஆகவே எனக்கும் இப்போதைக்கு இல்லை.

காயலான் கடையில், பின்பக்கம் நொறுங்கிய கார் ஒன்றின்
முன்பக்கம் முழுசாக இருந்தது.
அதன் விசிறியைக் கழற்றி வந்தேன்.
நாலு போல்ட், ஒரு பிளக், விரலில் ஒரு கீறல்.

சாயங்காலம் சோதனைக்கு எங்கே போவது?
அவரேதான் ரயில்வே கேட்டுக்கு விட்டார்.
காற்று வரும் இடுக்கில் தெர்மாமீட்டரைச் செருகிவிட்டு
எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தோம்.
பத்து டிகிரி. பத்து. ஒன்பதரை.
தண்டவாளம் இரண்டு பக்கமும் காலி.
பின்னால் ஒருவன் ஹாரன் அடித்து, திட்டிவிட்டு, விலகிப் போனான்.
"எப்போதும் இந்த நேரத்துக்கு வருமே"
என்று எட்டிப் பார்த்தார் ஃபிதென்சியோ,
மாப்பிள்ளை வீட்டாரை எதிர்பார்க்கிறவர் போல.