பதினோராயிரத்து இருநூற்று நாலு மணி

போனதும் நான் முதலில் தொட்டது சைலன்சர் குழாயை.
சூடு.
காலை ஆறரைக்கு,
விற்க நிறுத்தியிருக்கும் வண்டியின் குழாய்
சுடக்கூடாது.

"இப்பத்தானுங்க சித்த ஓட்டி நிறுத்துனோம்,
பேட்டரி எறங்கீரும்னு" என்றார் வையாபுரி.
குளிர்ந்து கிடக்கும் எஞ்சின்
எழும்போது என்ன பேசும் என்று
அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
டீ சொன்னார்.
நல்ல டீ.

திருச்செங்கோட்டில் சங்ககிரி ரோட்டு ஷெட்.
மூன்று ரிக் வண்டிகள்
மாஸ்ட்டை முதுகில் படுக்கப் போட்டுக் கிடந்தன.
நடுவில் நிற்பதைத்தான் குழந்தைவேல் வாங்கப் பார்க்கிறான்.
ஏலச்சீட்டைப் பாதித் தள்ளில் எடுத்தவன்,
பார்த்துச் சொல்ல எனக்கு ஆயிரத்து ஐநூறு பேசியவன்,
வண்டிக்குப் பெயர்கூட யோசித்து வைத்துவிட்டான்.

கம்ப்ரசர் எஞ்சின் மீட்டரில் 11,204 மணி.
கண்ணாடியைத் துடைத்திருந்தார்கள்.
சுற்றியுள்ள தகட்டில் மட்டும்
எந்த ஊர்ப் பாறையின் மாவோ
விரல் பட்டால் தடம் விழும் அளவுக்கு.

ஓட விட்டேன்.
எண்ணெய் மூடியைத் திருகி எடுத்து
அந்த வாயின் மேலேயே கவிழ்த்து வைத்தேன்.
திடமான எஞ்சின் என்றால் மூடி நடுங்கும்,
அதோடு சரி.
இது உலைமூடி மாதிரி குதித்தது.
மூன்றாம் குதியில் விழுந்து
லாரிக்கு அடியில் உருண்டது.
எடுக்கக் குனிந்தவர் வையாபுரி.
நிமிர நேரம் எடுத்துக்கொண்டார்.

நிறுத்தி, இன்ஜெக்டர்களைக் கழற்றி
ஒவ்வொரு துளைக்கும் கேஜ் வைத்தேன்.
முந்நூற்றுத் தொண்ணூறு. எண்பத்தைந்து. நானூறு. எண்பது.
ஐந்தாவது இருநூற்றுத் தொண்ணூறு.
ஆறாவது பழையபடி.

"அஞ்சாவத இன்னொருக்கா பாருங்க."
பார்த்தேன்.
இருநூற்று எண்பத்தைந்து.

பத்தொன்பது ஸ்பேனர் கேட்டேன்.
மங்ரா டூல் பெட்டியைத் திறந்தான்.
ஜார்க்கண்டிலிருந்து வந்து ஆறு வருஷமாக இந்த வண்டியிலேயே தூங்குகிறவன்.
ஸ்பேனரைக் கொடுத்தான்,
கதவை மூடவில்லை.

கதவின் உட்பக்கம்
ஆணியால் கீறிய கோடுகள்,
ஐந்தைந்தாய்க் கட்டி.
போட்ட போர் ஒவ்வொன்றுக்கும் ஒன்று.
தண்ணீர் வராத போருக்கு வட்டம்.
ஓரிடத்தில் ஒன்பது வட்டங்கள் ஒட்டுக்காக.
பார்த்தேன்.
"அனந்தப்பூர்" என்றான்.
அன்று முழுக்க அவன் பேசியது அந்த ஒரு சொல்தான்.

எண்ணி மாளாது.
ஒரு வரிசைக்கு ஐம்பது, நாற்பத்திரண்டு வரிசை.
போருக்கு ஒன்பது மணி என்று வைத்தாலே
பதினெட்டாயிரத்துத் தொள்ளாயிரம்.
ஸ்பேனரைத் துடைக்கிற சாக்கில்
இரண்டு தரம் பெருக்கிப் பார்த்தேன்.

பிறகு பழைய எண்ணெய் பில்ட்டரை ரம்பத்தால் அறுத்து
மடிப்புகளைப் பிரித்து வெயிலில் விரித்தேன்.
காந்தத்தை ஓட்டினேன்.
ஒட்டி வந்தது கொஞ்சம்: ரிங், லைனர்.
ஒட்டாமல் தாளிலேயே தங்கி
செம்பு நிறத்தில் மினுங்கியது நிறைய:
அது பேரிங்.

குழந்தைவேல் காதருகே வந்து
"எவ்வளவு கொறைக்கலாம்?" என்றான்.
வேண்டாம் என்று நான் சொல்வேன் என்ற பயம்
அவன் கேட்ட விதத்தில் இருந்தது.
எஞ்சின் முழுக்கப் பிரிக்கணும்,
மூணரை லட்சம் கழி, இல்லாட்டி நடையைக் கட்டு என்றேன்.
சத்தமாகவே.

வையாபுரி சிரித்தார்.
"மீட்டர் பதினோராயிரந்தானுங்களே காட்டுது.
நின்னுபோன மீட்டருன்னு
உங்களுக்கு ஆரு சொன்னாங்க?"

மீட்டர் நின்றது என்று
நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பில்ட்டர் தாளைத் தூக்கிப் பிடித்தேன்.
"இதுதானுங்க."

மங்ரா என் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கி
பெட்டியில் போட்டு
கதவைச் சாத்தினான்.