எடைமேடையில் அறுபது கிலோ

ஆலை வாசலில் பலகை:
பதினைந்துக்கு மேல் ஓட்டாதே.
மலாயில் ஒரு தடவை,
அதன் கீழே வங்காளத்தில்
யாரோ கரியால் எழுதியது ஒரு தடவை.

அந்தப் பலகையையும் அதன் தூணையும்
என் கண்ணாடிக் கூண்டையும்
கூண்டுக்குள் என்னையும்
நொடிக்கு முந்நூறு கிலோமீட்டரில்
எதுவோ கடந்து போகிறது.
பாகாவில் மூச்சை இழுத்து
விடுவதற்குள் ஜொகூர் பாரு, பாலம், கடல்.
சம்மன் கிடையாது.

கரும்பொருள் என்கிறார்கள்.
கறுப்புகூட இல்லை.
கறுப்பென்றால் வெளிச்சத்தைத் தின்றிருக்கும்;
இது வெளிச்சத்தைக் கண்டுகொள்வதே இல்லை.
கனம் மட்டும் உண்டு.

ஆறாம் படிவத்தில் இயற்பியல் எடுத்தேன்.
இரண்டு முறை எழுதினேன்.
இப்போது எடைமேடைக் கிராணி, இரவு முறை.
குலை லாரி வரும் வரை
கைப்பேசியில் இதையெல்லாம் படிப்பேன்.

எல்லாம் ஒரே வேகமில்லை.
சில நூறில், சில நானூறில்,
திசையும் தாறுமாறு,
சம்பள வாரத்துப் பசார் மாலாம் கூட்டம்போல.
ஆனாலும் ஒரு பக்கமிருந்தே அதிகம் வந்து மோதும்.
அது வீசுவதால் அல்ல, நாம் போவதால்.
இலை அசையாத இரவில்
ஹோண்டா கப்பை முடுக்கினால்
முகத்தில் அடிக்குமே, அந்தக் காற்று.
சூரியன் ஓட்டுகிறது, இருநூற்று முப்பதில்.
பின்னால் நாம், ஹெல்மெட் இல்லாமல்.

ஜூனில் கொஞ்சம் கூடுமாம்,
டிசம்பரில் கொஞ்சம் குறையுமாம்.
கூடுவதும் குறைவதும் ஏறக்குறைய பதினைந்து.
பலகையில் இருப்பதும் பதினைந்து.
அதில் ஒன்றுமில்லை, சும்மா சொன்னேன்.

இரண்டே கால் மணி.
சங்கிலிமுத்துவின் லாரி
குலையை இறக்கிவிட்டு மேடை ஏறியது.
வெற்று எடை ஒன்பதாயிரத்து நானூற்று இருபது,
மூன்று வருடமாக.
இன்று நானூற்று எண்பது.

டீசல் என்றால் இருபது, முப்பது முன்னே பின்னே.
அறுபது இல்லை.

அவன் என்னைப் பார்க்கவில்லை,
சிவப்பு எண்களைப் பார்த்தான்.
பின்னால் கித்தான் அசையவில்லை.
அசையாமல் இருப்பதற்கு அது படும் பாடு
கூண்டு வரைக்கும் தெரிந்தது.

போன வாரம் பெயர் கூப்பிட்டபோது
ரஃபிகுல் என்ற ஒருவன் வரிசையில் இல்லை.
கடவுச்சீட்டு இன்னும் குத்தகைக்காரர் மேசையில்.
மண்டோர் மூன்று நாளாக
மோட்டாரில் நிரை நிரையாகத் தேடுகிறார்.

ஐந்நூற்று ஐம்பதைத் தாண்டிவிட்டால்
பால்வீதியாலும் பிடித்து வைக்க முடியாதாம்.
மற்றதெல்லாம் சுற்றிச் சுற்றி இங்கேயே.
பால்மரத்தை வெட்டிச் செம்பனை வைத்தபின்
இந்த ஊருக்கு மிஞ்சிய பால் அது ஒன்றுதான்,
அதையும் ஆலைப்புகை மறைத்துவிடும்.

குறிப்புக் கட்டத்தில்
மழைநீர் என்று தட்டினேன்.
மழை பெய்து பதினாறு நாள்.
அச்சு இயந்திரம் கேள்வி கேட்கவில்லை.
வெள்ளைத்தாள் ஆலைக்கு,
மஞ்சள் லாரிக்கு,
இளஞ்சிவப்பு எனக்கு.

தடுப்புக் கட்டையைத் தூக்கினேன்.
முதல் கியரில், பத்தில்,
பாவம், சட்டத்துக்கு உட்பட்டுப்
பலகையைக் கடந்தான்.
சிரம்பான் சாலையில் திரும்பிய பிறகுதான்
எஞ்சின் குரல் மாறியது.
இரண்டு, மூன்று, நான்கு என்று
கியர்களை எண்ணிக்கொண்டிருந்தேன்,
தவளைச் சத்தம் மூடும் வரைக்கும்.

மேடை சுழியத்துக்கு வந்திருந்தது.

கூண்டை விட்டு இறங்கி
அதன் நடுவில் போய் நின்றேன்.
பத்துப் பத்தாகத்தான் காட்டும் அது.
உடம்புக்குள்ளே எத்தனையோ
ஓடிக்கொண்டிருந்திருக்கும் அந்நேரம்,
ஒரு புள்ளியும் கூடவில்லை.
வெளியே சிவப்பில்:
அறுபது.

அடுத்த லாரி விளக்கை
ஏற்றி இறக்கிக் காட்டினான்.