எட்டடி ஒயர்

திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில்
கண்ணாடி ஒட்டுவதும் சார்ஜிங் பின் மாற்றுவதுமாய்
என் நாள் போகும்.
வெயிலைத் திட்டாமல் யாரும்
இந்தக் கடைப்படி ஏறியதில்லை,
பூவலிங்கம் வரும்வரை.

"வெயில் நெறைய கெடக்கு,
கரண்டுதான் இல்ல" என்றார்,
மாவு இருக்கிறது, உப்புதான் இல்லை என்பதுபோல.

முந்நூறு செம்மறி. கள்ளிக்குடிப் பக்கம் கிடை.
ஒரு வயலில் நாலு ராத்திரி, அப்புறம் அடுத்த வயல்.
டீக்கடையில் பத்து ரூபாய் கொடுத்துப்
போனைச் சார்ஜில் போட்டுவிட்டு வந்த
அந்த இரண்டு மணி நேரத்தில்
வில்லூர்க்காரர் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து
வேறு ஆளுக்குக் கிடை பேசிவிட்டார்.
டீக்கடைக்காரர் எடுக்கவில்லை.
அது அவர் போன் இல்லையே.

டவுன்ஹால் ரோட்டில் ஆறு வோல்ட் பேனல் வாங்கினேன்,
பரீட்சை அட்டை அளவு.
வாசலில் மீட்டரை வைத்தால் ஏழு காட்டியது.
நானே பெற்றதுபோல் பெருமை.
போனை மாட்டினேன். நாலாகி, மூன்றாகிச்
சுருண்டது.
சும்மா நிற்கும்போது எல்லாரும் ஏழுதான்.

மேகம் ஒன்று கடந்தது.
போன் டொய்ங் என்று விழித்தது,
அணைந்தது, மறுபடி விழித்தது.
வந்த வரவைவிட
விழித்துப் பார்த்த செலவு அதிகம்.
நடுவில் ஓர் ஆள் வேண்டும்,
கிடைத்தபோது கிடைத்ததை வாங்கி வைத்துக்கொண்டு
கேட்டபோது சீராய்க் கொடுக்கிற ஆள்.

செத்த லேப்டாப் பேட்டரியைப் பிளந்தேன்.
ஆறு செல்லில் இரண்டுக்கு உயிர் இருந்தது.
ராத்திரியில் பேனல் திருப்பி உறிஞ்சாமலிருக்க
ஒரு டயோடு,
ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு.
எல்லாம் ஓர் ஊறுகாய் டப்பாவுக்குள்.
எத்தனை கழுவியும் மாவடு வாசம் போகவில்லை.

கொண்டுபோனேன். சிக்கல் அங்கேதான்.
பேனலுக்கு வெயில் வேண்டும்.
போனுக்கு நிழல் வேண்டும்,
சூடேறினால் தானே நிறுத்திக்கொள்ளும்.
ஆட்டுக்கு நிழல். ஆளுக்கும்.
எல்லாரும் உடைமரத்தடியில் ஒண்டியிருக்கப்
பேனல் மட்டும் வரப்பில் தனியாக.
பக்கத்தில் ஒரு வெள்ளாடு வந்து நின்றது.
ஒரே ஒரு கட்டத்தின் மேல் அதன் காது நிழல்.
பன்னிரண்டு கட்டமும் வேலையை நிறுத்தின.
"ஒத்துமையான பயலுக" என்றார்.

எட்டடி ஒயர் போட்டேன்.
மெல்லிசாய்ப் போட்டால் வோல்ட் வழியிலேயே கரையும்,
அதனால் தடியாய்.
பத்தே நாளில் குட்டி ஒன்று கடித்துவிட்டது.
யாரோ வெட்டிப்போட்ட சொட்டுநீர்க் குழாய்
வாய்க்காலோரம் கிடந்தது,
அதற்குள் நுழைத்தோம்.
இப்போதும் கடிக்கிறதாம். கடிக்கட்டும்.

நேற்று எங்கள் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு,
ஒன்பதிலிருந்து ஐந்து வரை கரண்ட் கிடையாது.
நாலு சதவீதத்தில் என் போன் அடித்தது.
"நூறு காட்டுது தாயி.
சும்மாதேன் கூப்புட்டேன்.
வில்லூர்க்காரவுக மறுபடி கெட கேட்டாக.
அப்புறம், எம் மகளுக்கு"
அவ்வளவுதான்.
செத்தது என் பக்கம்.

மேசைக்கு அடியில் இன்னொரு பேனல்,
சோதித்துப் பார்க்க வாங்கியது,
மூன்று மாதமாய்ப் பேப்பர்கூடப் பிரிக்காமல்.
எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்துக்கு வந்தேன்.
உச்சி மத்தியானம்.
பஸ்கூடத் தயங்கி வருகிற வெயில்.
கைக்குக் கிடைத்த பழைய போர்டு, பழைய செல்.
மாட்டினேன், குனிந்தேன், காத்திருந்தேன்.
பச்சை விளக்கு எரியவில்லை.

மகளுக்கு என்ன?

அப்போதுதான் பார்த்தேன்,
குனிந்த என் தலையின் நிழல்
பேனல் முழுக்க.

நகர்ந்தேன்.