துணைக்கால்

சாட் ஏரிக்குக் கிழக்கே
மணல்மேடுகளின் இடுக்கில் ஒரு குட்டை.
மீன் பிழைக்காது. ஆடு வாய்வைத்துவிட்டுத் தும்மும்.
சோடா உப்பு ஊறிய அந்த நீரில்
காற்று இரவெல்லாம் தள்ளித் தள்ளி
மேற்குக் கரையில் ஒதுக்கியிருக்கிறது
பச்சையை.

விடியுமுன்பே யகானா வந்துவிட்டாள்.
பின்னால் பதினோரு பேர், இடுப்பில் பிளாஸ்டிக் பேசின்.
யாரும் முந்தக் கூடாது.
அவள் கை அசைந்த பிறகே
நீர் கலங்காமல் இறங்குவார்கள்.
ஆண் கால் பட்டால் குட்டை மலடாகிவிடும் என்பது இங்கே சட்டம்.
ஆகவே சுகாதார நிலையத்து மோது
கரையில் நிற்கிறான்,
கழுத்தில் மூன்று நிற நாடா, கையில் நோட்டு.

நாடாவைக் குழந்தையின் மேற்கையில் சுற்றுவான்.
சிவப்பென்றால் மாவோவுக்கு லாரி பிடிக்க வேண்டும்.
மஞ்சளென்றால் அடுத்த செவ்வாயும் வரவேண்டும்.
பச்சையென்றால் ஒன்றும் சொல்லமாட்டான்,
அடுத்த கையைத் தேடுவான்.
ஃபல்மாதாவின் மகளுக்கு மூன்று வாரமாக மஞ்சள்.

பாடம் அவனுக்கு மனப்பாடம்.
உலர்ந்ததில் பாதிக்கு மேல் புரதம், இரும்பும் உண்டு என்றான்.
ஒரு சொட்டை உருப்பெருக்கியில் பார்த்திருக்கிறானாம்:
பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் போல அத்தனையும் சுருள்.
இலையோ வேரோ இல்லாத காலத்திலேயே
இதன் இனம் வேண்டாமென்று வெளியே விட்ட காற்றைத்தான்
நாம் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறோம் என்றான்.

"இருக்கட்டும்," என்றாள் யகானா நிமிராமல்.
"என்ஜமீனா வியாபாரி கோரோவுக்கு என்ன கொடுப்பான்?"

தலையைச் சொறியக் கை தூக்கினான்.
நோட்டு நழுவியது.

நாலே எட்டு தூரம்.
ஒரு செருப்பைக் கழற்றினான்.
பன்னிரண்டு தலைகள் திரும்பின.
செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டான்.

பாசியோடு பாசியாக யகானா அதையும் மொண்டாள்.
மணலில் வட்டமாகக் குழித்து ஊற்றினாள்.
மணல் நீரை மட்டும் குடித்தது.
உள்ளங்கையால் தடவி, கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறினாள்,
நோட்டையும் சேர்த்துத்தான்.
வெயில் ஏற ஏற அடை இறுகியது.
எடைகள் ஊறிக் கரைந்துவிட்டன.
இரண்டு பெயர் மட்டும் தெரிந்தது, பாதி பாதியாக.
"கணக்கோடு கூடிய அடை," என்றாள், "விலையைக் கூட்டிச் சொல்லவா?"
பெண்கள் சிரித்தார்கள். அவனும்,
கொஞ்சம் தாமதமாக.

என் மொழியில்
பசிக்கும் பாசிக்கும் நடுவே ஒரே ஒரு துணைக்கால்.
எழுதுகிற கைக்கு அது அரை நொடி.
இங்கே அது நிஜக் கால்:
முழங்காலளவு உப்பில் நின்று
குதிகால் வெடித்து,
மாலையில் எண்ணெய் தடவினால் எரியும் கால்.

ஃபல்மாதா ஒரு துண்டை உடைத்து நுணுக்கினாள்.
வெண்டைக்காய், கருவாடு, அடிபிடிக்காமல் கிளறி
கம்பங்களிமேல் ஊற்றினாள்.
மகள் இரண்டு வாய் வாங்கினாள்.
மூன்றாவதை அம்மாவின் சேலையில் துப்பினாள்.

அடுத்த செவ்வாய். புது நோட்டு.
நாடா இன்றும் மஞ்சளில்தான்,
ஆனால் கோட்டை ஒட்டி, ஒரு நெல்மணி அகலம் மிச்சம்.
மோது உள்ளதை உள்ளபடி எழுதினான்: மஞ்சள்.
அடை வாங்கிய கட்டைவிரல்
பக்கத்திலேயே பதிந்துவிட்டது.

அழிக்கப் போனான்.
அழிக்கவில்லை.