இரும்பு ரிம்

நெல்லித்தோப்புக் கடையில்
ஷட்டரைத் தொட முடியாத மதியம்.
ஸ்ட்ராஸ்பூரிலிருந்து செல்வநாதன் அனுப்புகிறான்:
மூன்று முகட்டு மலை, உள்ளே ஒரு பனிப்பூ,
டயரின் விலாவில் அச்சு.
'இதப் போடலாமாடா?'

பனியை நான்
ஃப்ரீசரில்தான் பார்த்திருக்கிறேன்,
அதையும் கரண்டியால் சுரண்டி எறிந்தேன்.

'ரிம்மு அலாயா, இரும்பா?
இங்க ரோடெல்லாம் உப்பு தூவுறானுங்க.'

உப்பா!
முதலிலேயே சொல்வதற்கென்ன.
வைத்திக்குப்பத்து மீன் வண்டிகளின்
ரிம் சுரண்டித் தேய்ந்த விரல் இது.

இரும்பே போடு. ஓரங்குலம் சின்னதாக,
ரப்பர் கொஞ்சம் உயர்ந்து நிற்கட்டும்.
காசு பார்த்து இரண்டோடு நிறுத்தாதே,
நான்கும் மாற்று.
கழற்றும்போது நல்ல தண்ணீரில் கழுவி வை.

நீல டிக்.
வெகுநேரம் கழித்து ஒரு படம்:
முழுக்க வெள்ளை, நடுவில் ஒரு மேடு.
'காரு இதுக்குள்ளதான் இருக்கு.'