நிகர எடை

வேலந்தாவளத்தில் ரோடு கேரளத்துக்குள் நுழைந்து
முதல் வளைவில் எங்கள் எடைமேடை.
பகலில் அப்பா.
பரீட்சை முடிந்ததிலிருந்து
சாயங்காலம் ஆறு முதல் பத்துவரை நான்.
சரக்கோடு ஒரு தடவை, காலியாக ஒரு தடவை.
கழித்தால் வருவதுதான் தக்காளி.
கழித்தால் வருவதுதான்
தவிடு, வைக்கோல், கொப்பரை.

கல்லூரி அனுப்பிய புத்தகம்
ரசீதுக் கட்டுக்கு அடியில் கிடக்கிறது.
மூடிப்போன நூற்பாலைக்குள் நடக்கிற கல்லூரி,
மொத்தமே நூற்றுப் பத்துப் பேர்.
முதல் வருஷம் எதை வேண்டுமானாலும் படிக்கலாமாம்:
பாறைகள், நிகழ்தகவு, நாடகம்,
உப்பைப் பற்றி மட்டுமே ஒரு பருவம் முழுக்க.
இரண்டாம் வருஷம் சொன்னால் போதும்,
பட்டம் எதில் என்று.

"பேரே இல்லாத படிப்புக்கு நாப்பதாயிரமா?"
என்கிறார் அப்பா.
அண்ணன் நாட்ராயன் படித்ததற்குப் பேர் இருந்தது,
வாசலில் பலகை மாட்டுகிற அளவுக்கு நீளமாக.
இப்போது சுந்தராபுரத்தில் பார்சல் பிரிக்கிறான்.
அதை நான் சொல்லவில்லை.
சொன்னால் அப்பா அன்றைக்குச் சாப்பிட மாட்டார்.
என்கூடப் படித்த ஜெஸ்னாவுக்குக் கவலையில்லை,
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும்
பி.காம். என்பாள்.

விண்ணப்பத்தில் கடைசிக் கேள்விக்கு
ஐந்து வரி விட்டிருந்தார்கள்.
எந்தப் பாடம், ஏன்?
மூன்று நாள் பேனாவைக் கடித்துவிட்டு
வேறொன்றை எழுதினேன்.

விஷுவுக்கு முந்தின நாள் ஒரு தேங்காய் வண்டி.
சரக்கோடு பதினாறாயிரத்து இருநூற்று நாற்பது.
இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பியபோது
கிளீனரைக் காணோம்.
முதல் தடவை உள்ளே உறங்கிக்கொண்டிருந்தானாம்,
மண்டியிலேயே இறங்கிக்கொண்டானாம்.
அவனுடைய அறுபது கிலோவுக்கும் சேர்த்து
யாரோ தேங்காய் விலை கொடுத்திருக்கிறார்கள்.
நான் ரசீதைத் திருத்தவில்லை.
பின்னால் ஆறு வண்டி, ஒரே ஹாரன்.
இது எந்தப் பாடத்தில் வரும்?
ஐந்து வரி தீர்ந்துபோக
மிச்சத்தை ஓரத்தில் செங்குத்தாக எழுதினேன்.

நேர்காணலில் மூன்று பேர்.
கணக்கு சார் எழுந்து பலகைக்கே போய்விட்டார்.
ஆயிரத்துக்கு ஆறு, என்று எழுதினார்,
இந்தப் பிழையைப் பொறுக்கலாமா கூடாதா?
லிஸி டீச்சர், பொருளாதாரம்,
பலகையை மறித்து நின்றார்:
"நஷ்டம் ஆர்க்கா? அதல்லே சோத்யம்?"
மூன்றாவது ஆள் தத்துவம்.
செருப்பைக் கழற்றிவிட்டு
நாற்காலியில் சம்மணமிட்டிருந்தவர்
என்னைப் பார்த்துக் கேட்டார்:
"அவனுக்குத் தெரியுமா?"
"எது சார்?"
"தான் விலைபோனது."

அதற்கப்புறம் மூவருமே என்னை மறந்துவிட்டார்கள்.
கணவாய்க் காற்றில்
நூற்பாலை ஜன்னல்கள் தடதடத்தன.
கணக்கு சார் நடுவில் நின்று,
"அது எனக்குத் தெரியல்லா" என்றார்,
வெட்கமே இல்லாமல்,
மணி கேட்டால் சொல்வதைப் போல.
பன்னிரண்டு வருஷப் பள்ளிக்கூடத்தில்
ஒருத்தர் வாயிலும் நான் கேட்காத வாக்கியம்.
டீ ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

கடிதம் வந்த ராத்திரி
ஒன்பது மணிக்கு மேல் வண்டி இல்லை.
அப்பா பணம் எண்ணிக்கொண்டிருந்தார்.
ரப்பர் பேண்ட் போடுவதும்
திரும்ப அவிழ்ப்பதுமாக.
பீஸ் கட்டவா, பேங்கில் போடவா,
கேட்கவில்லை.

நான் போய் மேடை நடுவில் நின்றேன்.
எங்கள் மேடைக்கு
இருபது இருபதாகத்தான் எண்ணத் தெரியும்.
நான் ஐம்பது கிலோ.
கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு எண்
நாற்பது என்றது.
அறுபது என்றது.
மறுபடி நாற்பது.

"என்னப்பா காட்டுது?"

மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்,
ரொம்ப நேரம்,
கையில் பாதி எண்ணிய கட்டோடு.

"எறங்கு" என்றார்.
"வண்டி வருது."